ஆம்ஸ்டர்டாமில் நடந்தது ஆம்ஸ்டர்டாமோடு போய்விடுமா?

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதிய நீண்ட கடிதம் இது. பெயரையும் அடையாளங்களையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 42. கோவையில் ஒரே விடுதி அறையில் நான்கு வருடம் படித்த நால்வர். இன்று ஒருவர் சென்னை, ஒருவர் லண்டன், ஒருவர் நெதர்லாந்தின் ஐந்தோவன், இவர் சிங்கப்பூர். 2011இல் ஐந்தோவன் நண்பரைப் பார்க்கப் போன இடத்தில் தொடங்கியது ஆம்ஸ்டர்டாம் பயணம். கொரோனாவால் விடுபட்ட இரண்டு வருடங்கள் தவிர ஒவ்வொரு செப்டம்பரும் நான்கு நாள், இதுவரை 13 முறை. அதே கால்வாய்ப் பாலத்தில் அதே வரிசையில் நின்று ஒரு படம். மாலையில் காபிஷாப், அதாவது அங்கே கஞ்சா விற்கும் கடை. வருடத்தில் அந்த நான்கு நாள் தவிர வேறெங்கும் கஞ்சாவைத் தொட்டதில்லை என்கிறார். நம்புகிறேன்.

இந்த பிப்ரவரியில் இவருக்குச் சிங்கப்பூர் நிரந்தரவாசம் (பிஆர்) கிடைத்தது. போன மாதம் செப்டம்பர் பயணத்துக்காகப் பழைய ஜாக்கெட்டை எடுத்தபோது உள்பையில் ஒரு பிளாஸ்டிக் குழாய் தட்டுப்பட்டிருக்கிறது. காபிஷாப்பில் சுருட்டி விற்கும் ஜாயின்ட் வருமே, அந்தக் குழாய். காலிதான். ஆனால் மூடியைத் திறந்ததும் வாசனை வந்தது, அடியில் பச்சையாகக் கொஞ்சம் தூள் ஒட்டியிருந்தது. அடுத்த அறையில் பிள்ளைகள் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். ‘கை நடுங்கியது. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் குப்பைக் குழாயில் போட்டுவிட்டு, அரை மணி நேரம் கைகழுவிக்கொண்டே நின்றேன்’ என்று எழுதியிருக்கிறார்.

கேள்விகள் இவை. அங்கே சட்டப்படி அனுமதி உள்ளதுதானே, பிறகு இங்கே என்ன பயம்? கடைசி ஐந்து நாள் தொடாமல் இருந்து, தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுத் திரும்பினால் போதும் என்று லண்டன் நண்பர் சொல்வது சரியா? சென்னை நண்பர் ஒவ்வொரு முறையும் இரண்டு துண்டு ஸ்பேஸ் கேக்கை, அதாவது கஞ்சா கலந்த கேக்கை, சாக்ஸில் சுற்றி எடுத்துப் போகிறார், அதனால் இவருக்குப் பிரச்சினை வருமா? கடைசியாக, இவர் ஒதுங்கிவிட்டால் இந்த நட்பு என்ன ஆகும்?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த அரை மணி நேரம் நீங்கள் கைகழுவிக்கொண்டு நின்றது தேவையில்லாத பயம் என்று உங்களைத் தேற்றத்தான் ஆசை. ஆனால் அப்படிச் சொன்னால் அது பொய். உங்கள் பயம் சரியான பயம், கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் நினைப்பதைவிட நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டதற்குச் சிங்கப்பூரில் வழக்குப் போட வழிசெய்யும் பிரிவு, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே பொருந்தும். உங்கள் 13 பயணங்களும் நீங்கள் வேலை அனுமதியில் இருந்த காலத்தவை. அவற்றை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். அந்தக் குழாய் சமாச்சாரம் வேறு. எச்சம் ஒட்டிய குழாய் வீட்டில் இருப்பதே அங்கே குற்றமாகலாம். போதைப்பொருள் உட்கொள்ளப் பயன்படும் கருவிகளை வைத்திருப்பதற்கென்று தனிப் பிரிவே உண்டு. இதைப் பற்றி இனி யாருக்கும் மெசேஜ் அனுப்பாதீர்கள், நண்பர்கள் குழுவில் வேடிக்கையாகக்கூட எழுதாதீர்கள். மனதை அரித்தால் சிங்கப்பூரில் ஒரு குற்றவியல் வழக்கறிஞரிடம் நேரில் ஒரு மணி நேரம் பேசுங்கள். அவரிடம் பேசுவது ரகசியமாகவே இருக்கும். நான் தமிழ்நாட்டில் தொழில் செய்யும் வழக்கறிஞர். அந்த ஊர்ச் சட்டத்தை எடுத்துச் சொல்லலாமே தவிர, அங்கே உங்களுக்காக நிற்க முடியாது.

அங்கேயும் அது ‘அனுமதி’ இல்லை

நால்வரும் பதினைந்து வருடமாக நம்பிவரும் ஒரு விஷயத்தை இங்கே திருத்த வேண்டியிருக்கிறது. நெதர்லாந்தில் கஞ்சா சட்டப்பூர்வமானது இல்லை. 1976இல் அவர்களுடைய ஓபியம் சட்டத்தைத் திருத்தியபோது, ஹெராயின் போன்றவற்றை ஒரு பட்டியலிலும் கஞ்சா, அதன் பிசினான ஹஷீஷ் இரண்டையும் இன்னொரு பட்டியலிலும் பிரித்தார்கள். இரண்டாவது பட்டியலில் உள்ளதும் தடைசெய்யப்பட்டதுதான். ஆனால் சில நிபந்தனைகளை மீறாதவரை வழக்குத் தொடர மாட்டோம் என்பது அரசு வழக்கறிஞர்களின் கொள்கை. டச்சு மொழியில் அதற்கு ‘ஹெடோஹன்’ என்று பெயர். தெரிந்தே பொறுத்துக்கொள்வது என்று சொல்லலாம்.

நிபந்தனைகள் கறாரானவை. 18 வயதுக்குக் கீழே யாரும் உள்ளே வரக்கூடாது, விளம்பரம் கூடாது, வேறு கடுமையான போதைப்பொருள் கூடாது, அக்கம்பக்கத்துக்குத் தொல்லை கூடாது, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் விற்கக்கூடாது, கடையின் இருப்பு 500 கிராமைத் தாண்டக்கூடாது. அந்த 5 கிராமும் தொண்ணூறுகளின் நடுவில் 30 கிராமிலிருந்து குறைக்கப்பட்டதுதான். முன்வாசலில் விற்பதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதே சரக்கு பின்வாசல் வழியாகக் கடைக்கு வருவது இன்றுவரை குற்றம். இந்த முரண்பாட்டைத் தீர்க்கத்தான் உரிமம் பெற்ற பண்ணைகளிலிருந்து சரக்கு வாங்கும் சோதனைத் திட்டத்தை 2023 டிசம்பரில் பிரெடா, டில்பர்க் நகரங்களில் தொடங்கிச் சில ஊர்களுக்கு விரித்திருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாம் அந்தப் பட்டியலில் இல்லை.

பொறுத்துக்கொள்வதை எப்போது வேண்டுமானாலும் சுருக்கலாம். காபிஷாப்பில் நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டுமே விற்கலாம் என்ற விதி 2013 முதல் தேசிய அளவில் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் அதை நடைமுறைப்படுத்தாமல் விட்டு வைத்திருப்பதால்தான் உங்களால் உள்ளே போக முடிகிறது. மேயர் ஃபெம்கெ ஹல்செமா 2021இல் அதை நடைமுறைப்படுத்தப் பார்த்தார், நகர மன்றத்தில் ஆதரவு கிடைக்கவில்லை. 2023 மே மாதத்திலிருந்து சிவப்பு விளக்குப் பகுதியின் தெருக்களில் கஞ்சா புகைத்தால் 100 யூரோ அபராதம். அதே வருடம், ‘இங்கே வராதீர்கள்’ என்று பிரிட்டிஷ் இளைஞர்களைக் குறிவைத்தே நகராட்சி விளம்பரம் செய்தது. நீங்கள் 2011இல் பார்த்த ஊர் இப்போது உங்களை அப்படி வரவேற்கவில்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

உங்கள் பின்னால் வருகிற இரண்டு சட்டங்கள்

முதலாவது சிங்கப்பூர்ச் சட்டம். 1973ஆம் ஆண்டின் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம், பிரிவு 8ஏ. குடிமகனோ நிரந்தரவாசியோ உலகில் எங்கே உட்கொண்டாலும், அதைச் சிங்கப்பூரிலேயே உட்கொண்டதாக வைத்து வழக்குத் தொடரலாம். அதிகபட்சம் 10 ஆண்டு சிறை, அல்லது 20,000 சிங்கப்பூர் வெள்ளி அபராதம், அல்லது இரண்டும். முதல் முறை பிடிபடுகிறவரைச் சிறைக்கு அனுப்பாமல் மறுவாழ்வு மையத்திலோ கண்காணிப்பிலோ வைப்பதும் நடக்கிறது. ஆனால் அது உங்கள் உரிமை இல்லை, அதிகாரிகளின் முடிவு. நிரந்தரவாசமும் நிரந்தரமான ஒன்றில்லை. மறுநுழைவு அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு போதைப்பொருள் தண்டனைக்குப் பிறகு அது நிலைக்கும் என்று எண்ணி வீடு, பள்ளி, மனைவியின் வேலை எல்லாவற்றையும் அதன்மேல் வைக்காதீர்கள்.

இரண்டாவதை நீங்கள் நால்வருமே யோசித்திருக்க மாட்டீர்கள். நிரந்தரவாசம் வாங்கினாலும் உங்கள் கையில் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டுதான். இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டத்தின் முதல் பிரிவைப் படித்துப் பாருங்கள். இந்தியாவுக்கு வெளியே இருக்கும் இந்தியக் குடிமக்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கஞ்சா உட்கொண்டதற்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். நடைமுறையில், வெளிநாட்டில் நடந்த குற்றத்தை இங்கே விசாரிக்க மத்திய அரசின் முன்அனுமதி வேண்டும். முன்பு அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 188, இப்போது புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 208. காபிஷாப்பில் ஒரு மாலை உட்கார்ந்ததற்காக டெல்லியில் கோப்பு நகரும் என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் ‘அங்கே செய்தால் இந்தியச் சட்டத்துக்குச் சம்பந்தமில்லை’ என்ற பேச்சு தவறு.

யாராவது ‘சரி, அடுத்த முறை பாங்காக் போவோம்’ என்றால் அதுவும் உங்களுக்கு ஒன்றுதான். தாய்லாந்து 2022 ஜூனில் தடையை எடுத்தது, 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கியது. அங்கே எது எப்படி மாறினாலும் பிரிவு 8ஏ மாறவில்லை.

ஐந்து நாள் கணக்கு

லண்டன் நண்பருடைய இந்தக் கணக்கை மறந்துவிடுங்கள். கஞ்சாவின் கழிவுப் பொருள் உடல் கொழுப்பில் தங்கி மெதுவாக வெளியேறுவது. எவ்வளவு, எத்தனை நாள், எவ்வளவு வீரியம், உடல்வாகு எல்லாம் சேர்ந்து சிலருக்குச் சில நாள், சிலருக்குச் சில வாரம். நான்கு நாள் தொடர்ந்து எடுத்தவர் எந்த வகையில் வருவார் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போய்விடாது. சிங்கப்பூர்ச் சட்டப்படி முடியையும் சோதிக்கலாம், முடியில் மாதக்கணக்கில் தங்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர்க் கதைகளில் வருவது போல ‘மாதிரி தர மாட்டேன், என் வக்கீல் வரட்டும்’ என்று அங்கே சொல்ல முடியாது. அதிகாரி கேட்டபின் சிறுநீர் தர மறுப்பதே தனிக் குற்றம். பரிசோதனையில் தெரிந்துவிட்டால், நீங்கள் உட்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். ‘நண்பன் சொல்லாமல் கேக்கில் கலந்துவிட்டான்’ என்பதை நிரூபிக்க யாரைச் சாட்சிக்கு அழைப்பீர்கள்? உங்களுக்கு உள்ள உரிமை, கைது செய்யப்பட்டால் நியாயமான காலத்துக்குள் வழக்கறிஞரைப் பெறுவதும், இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் தரச் சொல்லிக் கேட்பதும்.

எத்தனையாவது நாள் தப்பிக்கலாம் என்று நான் கணக்குப் போட்டுத் தர மாட்டேன். தராததற்குக் காரணம் தொழில் தர்மம் மட்டும் இல்லை. தப்பான கணக்கால் வாழ்க்கை தடம்புரண்டவர்களின் குடும்பத்தோடு நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். கணக்குச் சொன்ன நண்பர்கள் யாரும் அந்த வராந்தாவுக்கு வருவதில்லை.

சாக்ஸில் சுற்றிய கேக்

உங்கள் கேள்விகளில் எனக்கு மிகவும் கவலை தந்தது இதுதான். உட்கொள்வது ஒரு குற்றம் என்றால், எல்லை தாண்டி எடுத்துப் போவது வேறு தரத்துக் குற்றம். நெதர்லாந்தின் பொறுமை ஸ்கிப்போல் விமான நிலையத்தின் வாசலோடு முடிகிறது. ஏற்றுமதி அங்கேயே குற்றம். லண்டன் நண்பர் ரயிலில் எடுத்துப் போனால், பிரிட்டனில் கஞ்சா ‘பி’ வகுப்பு, இறக்குமதிக்கு 14 ஆண்டு வரை. சிங்கப்பூருக்குள் வந்தால், சொந்த உபயோகத்துக்கு என்று சொன்னாலும் இறக்குமதி இறக்குமதிதான். குறைந்தபட்சமே 5 ஆண்டு சிறையும் 5 பிரம்படியும். 500 கிராமைத் தாண்டினால் மரண தண்டனை வரை போகும்.

சென்னை நண்பருக்கு இதைச் சொல்லுங்கள். இந்தியாவில் ஹஷீஷுக்குச் ‘சிறிய அளவு’ 100 கிராம், கஞ்சாவுக்கு ஒரு கிலோ. ‘கேக்கில் இருப்பது அரை கிராம்தானே’ என்பார். 2020இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், போதைப்பொருள் கலந்த கலவை என்றால் கலவையின் மொத்த எடையையே கணக்கில் எடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மைதாவும் வெண்ணெயும் சேர்த்துத்தான் நிறுப்பார்கள். ஹஷீஷ் போட்ட கேக் என்று வழக்குப் பதிந்தால், இரண்டு துண்டே 100 கிராமைத் தாண்டிவிடும். தாண்டினால் தண்டனை ஓராண்டு என்பது பத்தாண்டு வரை ஆகும். அந்த எடைக் கணக்கை எதிர்த்து நீதிமன்றத்தில் வாதாடலாம். ஆனால் அது கைது, கடவுச்சீட்டு முடக்கம், வேலையிழப்பு எல்லாம் நடந்த பிறகுதான். அவருக்குச் சில பாதுகாப்புகளும் உண்டு. உடல் சோதனைக்கு முன், மாஜிஸ்திரேட் அல்லது அரசிதழ் அதிகாரி முன்னிலையில் நடத்தக் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் அது பையைச் சோதிப்பதற்குப் பொருந்தாது. அதிகாரியிடம் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாக ஏற்க முடியாது என்று 2020இல் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் தீர்ப்பு வந்தது. நம் மாநிலத்திலிருந்து போன வழக்கு அது. இந்தப் பாதுகாப்புகளை அவர் தெரிந்து வைத்திருக்கட்டும். ஆனால் இவற்றை நம்பி ஒரு கேக் துண்டைக் கொண்டுவருவது அறிவில்லாத காரியம்.

உங்களுக்கு என்ன வரும்? அவர் ‘உனக்கும் ரெண்டு எடுத்து வைக்கவா?’ என்று வாட்ஸாப்பில் கேட்டதாகவும், நீங்கள் கட்டைவிரல் படம் போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் விளையாட்டாகப் போட்டதை வழக்கில் சம்மதம் என்று எழுதுவார்கள். சிங்கப்பூரில் தங்கராஜு சுப்பையா என்ற தமிழரை 2023 ஏப்ரல் 26 அன்று தூக்கிலிட்டார்கள். ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான கஞ்சாக் கடத்தலுக்கு உடந்தை என்பது குற்றச்சாட்டு. அவர் கஞ்சாவைக் கையில் வைத்திருந்ததாக வழக்கில் இல்லை, கைப்பேசி எண்கள்தான் அவரைப் பிணைத்தன. உங்கள் விஷயத்தையும் அதையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. அளவே வேறு. ஒரு செல்போன் அங்கே எவ்வளவு கனமான சாட்சி என்று நீங்கள் உணர வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் மனம் கனக்கிறது.

ஒரே விமானத்தில் வந்தால் உங்கள் பையை நீங்களே கட்டுங்கள், நண்பரின் பொருள் எதையும் வைக்க இடம் கொடுக்காதீர்கள். பைக்குள் போதைப்பொருள் இருந்தால் அது உங்களுடையது, உங்களுக்குத் தெரிந்தே இருந்தது என்றுதான் அங்கே சட்டம் தொடங்கும்.

அப்புறம், நட்பு

‘நான் மட்டும் இழுக்காமல் உட்கார்ந்திருந்தால் நால்வரின் செப்டம்பரையே கெடுத்த மாதிரி ஆகிவிடும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது, நீங்கள் அதை வேகமாகக் கடந்துவிட்டீர்கள். ஐந்தோவன் நண்பர் மூன்று வருடமாகக் காபிஷாப்பில் எதையும் தொடுவதில்லை, பச்சைப் புதினா இலை போட்ட டீயை வைத்துக்கொண்டு உங்களோடு பேசிக்கொண்டிருப்பார் என்று ஓரிடத்தில் சொல்கிறீர்கள். அவரால் யாருடைய மாலையாவது கெட்டதா? கெட்டிருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள். அவர் அந்த ஊரில் வாழ்கிறவர். அவருக்கு ஆம்ஸ்டர்டாம் என்றால் நீங்கள் மூவரும் வந்து இறங்கும் நாள். மற்றவர்களுக்கும் உள்ளுக்குள் அதேதான் என்று நினைக்கிறேன். பாலத்தில் எடுத்த 13 படங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய நீங்கள், புகைத்ததைப் பற்றி இரண்டு வரிதான் எழுதியிருக்கிறீர்கள்.

அதனால் போகாமல் இருக்க வேண்டாம், போங்கள். காபிஷாப்புக்குள் காலெடுத்து வைப்பது குற்றமில்லை. ஆனாலும் மூடிய அறையில் மணிக்கணக்கில் புகைக்கு நடுவே உட்காராதீர்கள். பொதுத் தட்டிலிருந்து கேக், பிஸ்கட் எதுவும் எடுக்காதீர்கள். மற்றவர்கள் உள்ளே போகும் நேரத்தில் ஐந்தோவன் நண்பரோடு மத்திய ரயில் நிலையத்தின் பின்புறம் போய்ப் படகு ஏறுங்கள். வடகரையின் பழைய கப்பல் கட்டும் தளத்துக்கு இலவசமாகவே போய்வருகிறது, கால் மணி நேரப் பயணம். செப்டம்பர் மாலையில் அந்தத் தண்ணீரில் விழும் வெளிச்சத்தை நீங்கள் 13 வருடமாகத் தவறவிட்டிருக்கலாம். ஊரை மாற்றவும் யோசியுங்கள். ஒரு வருடம் கோவையில், பழைய விடுதி வாசலில் நின்று அந்தப் படத்தை எடுக்கலாமே.

நண்பர்களிடம் ஆம்ஸ்டர்டாமில் இறங்கிய பிறகு சொல்லாதீர்கள். அங்கே வைத்துச் சொன்னால் கெஞ்சுவார்கள், ‘ஒரே ஒரு இழுப்பு’ என்பார்கள். இப்போதே, குழுவில் எழுதாமல், ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்துப் பேசுங்கள். ‘டேய், எனக்கு பிஆர் வந்ததிலிருந்து சட்டம் மாறிடுச்சு. எங்கே தொட்டாலும் இங்கே உள்ளே தூக்கிப் போடலாம். நான் வர்றேன், தொட மாட்டேன். நீயும் எதையும் பையில வச்சுக்கிட்டு வராதே’ என்று சொன்னால் போதும். இருபது வருட நண்பர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ஒருவேளை லண்டன் நண்பர் கேலி செய்யலாம். செய்யட்டும், இரண்டு நாளில் அடங்கிவிடும். சென்னை நண்பரிடம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பேசுங்கள். நான்கு நாள் போதாமல் வீட்டுக்கும் எடுத்துப் போகிறார் என்றால் அவருக்கு அது பழக்கமாகிவிட்டதா என்று அன்பாகக் கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால், தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை எடுப்பவர்களுக்கு வழக்கிலிருந்து விலக்குத் தரும் பிரிவு 64ஏ என்.டி.பி.எஸ். சட்டத்தில் இருக்கிறது. அவர் என்னிடம் பேச விரும்பினால் தயங்காமல் எழுதச் சொல்லுங்கள்.

மனைவிக்கு இதுவரை தெரியாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பயணத்துக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். நாளை ஏதாவது ஆனால் முதல் போன் அவருக்குத்தான் போகும்.

கிளம்பும் முன் ஜாக்கெட், பேன்ட், முதுகுப்பை, கழிவறைப் பை என்று ஆம்ஸ்டர்டாம் போய்வந்த எல்லாவற்றின் உள்பைகளையும் வெளியே திருப்பிப் பாருங்கள். திரும்பி வரும்போதும், ஸ்கிப்போலுக்குக் கிளம்பும் முன் அறையிலேயே இன்னொரு முறை.